நாலு மணி நேரத் தூரம்

அப்பா,

ஈப்போ பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் புதிதாக ஒரு பயண நிறுவனம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஓர் உலகப் படம். கோலாலம்பூரில் ஓர் ஊசி குத்தி, அதிலிருந்து பல ஊர்களுக்குச் சிவப்பு நூல் இழுத்திருக்கிறார்கள். லண்டனுக்குப் போகும் நூல் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. மெட்ராஸ் நூல் குட்டையானது. விறைப்பாக நிற்கிறது. அதன் மேல் ஒரு சின்னக் காகிதக் கொடி. மூன்று மணி ஐம்பது நிமிடம்.

கண்ணாடியில் கையை வைத்து அளந்து பார்த்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அடங்கிவிட்டது.

உள்ளே இருந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, மெட்ராஸா? உள்ள வாங்க. இந்த வாரமே சீட் இருக்கு. நாலு மணி நேரம்தான்லா. பசியாறிட்டு ஒரு தூக்கம் போட்டா எறங்கிடலாம்.”

“தெரியும்.”

“போயிருக்கீங்களா?”

“ஒரு தடவை.”

“கல்யாணத்துக்கா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். அவள் மேல் தப்பில்லை. அவள் சொன்னது சரியான கணக்கு. நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே கணக்குதான்.

*

ரப்பர் தோட்டத்தில் நீங்கள் தூரத்தைப் பீடியால் அளந்தீர்கள். லயத்து வரிசை வீட்டிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகை ஒரு பீடி. கோப்பெங் கடைத்தெரு, சைக்கிளில், மூன்று பீடி. ஈப்போ என்றால் “கட்டே தீந்துரும்” என்பீர்கள். மைல் என்ற சொல் எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் வந்தது. வந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. மைலைக் கண்ணால் பார்க்க முடியாது. பீடியின் நெருப்பு உங்கள் முகத்துக்கு அருகே போய்க்கொண்டிருப்பதைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், சிவப்பு அடையாள அட்டை, ஐசி, வைத்திருந்தவர்களை மட்டும் கணக்கெழுதும் கிராணி நிறுத்திக்கொண்டார். நான் உங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். நீங்கள் நடக்கத் தெரிந்த வயதில் கப்பலேறி வந்தவர். அம்மா அந்த லயத்திலேயே பிறந்தவள். அவளுடையது குடிமக்களுக்கான நீல ஐசி. எனக்கும் நீலம் என்று முடிவாகியிருந்தது. குடியுரிமைக்கு எழுதிப் போடுகிறவர்கள் போடலாம் என்று ஒரு காலத்தில் சொன்னார்களாம். அப்போது மழைக்காலம், பால் இல்லை, கையில் காசில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் விட்டார்கள்.

“குடியுரிமை இல்லாதவங்களுக்கு இனிமே வேலை பெர்மிட் வேணும்,” என்றார் கிராணி. “ஒங்களுக்கு வரலை. நான் என்னா செய்ய?”

“மீசை மொளைக்கறதுக்கு முன்னாலேருந்து இதே மரத்தத்தான் வெட்டுறேன் ஐயா.”

“மரத்துக்கிட்ட பெர்மிட் கேக்கல. ஒங்ககிட்டதான் கேக்குறாங்க.”

உங்களுக்குப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டுகிற மாமா, உங்களை எப்போதும் மச்சான் என்று கூப்பிடுகிறவர், பால் வாளியைத் தூக்கிக் காட்டினார்.

“மச்சான், ஒனக்குச் செவப்பு, எனக்கு நீலம். ரெண்டு பேரு வாளியிலயும் பாலு வெள்ளைதான்லா இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கிராணிகூடச் சிரித்தார்.

பெர்மிட் வரும்வரை இந்தியாவில் இருக்கலாமென்று நீங்கள் கிளம்பிய அன்று, பினாங்கு துறைமுகத்தில் அம்மா அழவில்லை. கப்பலை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். “இம்மாம் பெருசு. மெதுவாத்தான் போவும்,” என்றாள். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். கித்தாப் பால் காய்ந்து தடித்த விரல்கள். “ஆறு மாசம்லா. பெர்மிட்டு வந்ததும் வந்துருவேன்.” என்னிடம் சொல்வதுபோல் அம்மாவிடம் சொன்னீர்கள்.

அதுதான் உங்கள் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது. அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தால் கப்பலைப் பார்த்திருக்க மாட்டேன்.

*

முதல் கடிதம் நாகப்பட்டினத்தில் இறங்கியதும் எழுதியது. கப்பல் தளத்தில் நின்றிருந்தபோது மேலே ஒரு விமானம் போனதாம். தைப்பிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாகூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றாராம். அண்ணாந்து பார்த்து, அதில் போனால் நாலு மணி நேரம்தான் என்றாராம்.

‘அப்படியானால் நான் ரொம்பத் தூரம் வந்துவிடவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள்.

அம்மா அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் சொன்னாள். ஒரு பெண் கேலி செய்தாள்.

“நாலு மணி நேரமா? அப்ப ஒலையில அரிசியப் போட்டுட்டுப் போயி அவரக் கூட்டிக்கிட்டு வந்துரு. சோறு கொழைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.”

“கொழையட்டும்க்கா,” என்றாள் அம்மா. “அவருக்குக் கொழைஞ்ச சோறுதான் புடிக்கும்.”

ஆறு மாதம் ஒரு வருடமானது. கடிதங்களில் பெர்மிட் முதல் வரியில் இருந்தது. பிறகு கடைசி வரிக்குப் போனது. பிறகு எங்கும் இல்லை. நாலு மணி நேரம் மட்டும் எல்லாக் கடிதத்திலும் இருந்தது. ‘அவசரமில்லை. படிப்பை முடி. நாலு மணி நேரம்தானே.’

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அடுக்குமாடியில் ஒரு வீடு. அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவினாள். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. புவியியல். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் மிகக் குறைந்த தூரம் வளைவாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சிக்கு இரண்டு நகரங்களை நாமே தேர்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் லண்டன், டோக்கியோ என்று எடுத்தார்கள். நான் எடுத்ததை நீங்கள் ஊகிப்பீர்கள். ஆயிரத்து அறுநூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பணம் ஒரு காரணம். பணம் மட்டும் என்று சொல்ல முடியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், அப்பா. பக்கத்தில் இருக்கிறவரை அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கப்பல் தூரத்திலேயே நீங்கள் இருந்திருந்தால் பயந்துபோய் எப்போதோ புறப்பட்டிருப்போம்.

கடைசி ஆண்டில் வெளிநாடு போகக் கடப்பிதழ் எடுத்தேன். தேர்வு முடிந்ததும் வருகிறேன் என்று எழுதினேன். ‘ஊரில் சொல்லிவிட்டேன்’ என்று பதில் வந்தது. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

*

தந்தி தோட்டத்து விலாசத்துக்குப் போனது. உங்கள் அண்ணன் கையில் இருந்தது பழைய விலாசம். அங்கே தோட்டமும் இல்லை, ஆபீசும் இல்லை. ஆபீஸ் அறையில் யாரோ உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். தந்தி அங்கே ஓர் இரவு கிடந்தது. பக்கத்து நிரை மாமாதான் மறுநாள் கோப்பெங் பேருந்தில் அதை எடுத்து வந்தார். விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் கதவைத் திறந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

“தங்கச்சி,” என்றார். “மச்சான் போயிட்டாருலா.”

அம்மா கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்து, அடுக்கில் வைத்துவிட்டு வந்தாள். நான் படித்தேன். தந்தை மறைவு. உடனே வா. வைத்திருக்கிறோம்.

“வெச்சிருக்காங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப கெளம்பு.” என் சட்டையின் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். “போயி மொகத்தப் பாரு. பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு. நீ வந்து சொல்ற வரைக்கும் இந்தப் பொட்டு இருக்கட்டும்.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

அஞ்சலகத்தில் பதில் தந்தி கொடுத்தேன். புறப்படுகிறேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்து. தாப்பா தாண்டி, மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால், முந்த இடமில்லாமல். தஞ்சோங் மாலிமில் நிறுத்தி ஓட்டுநர் காப்பி குடித்தார். அந்தச் சாலை முடிவதற்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் இன்னும் நாட்டைவிட்டு வெளியே வரவில்லை.

விமான நிறுவனத்தின் மேசையில் ஒரு தமிழ்ப் பெண். விஷயத்தைச் சொன்னேன். “ஐயோ, அண்ணே,” என்றாள். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னிக்கு பிளைட் இல்லையே. நாளைக்குச் சாயங்காலம்தான்.”

அந்த விமானத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் ஏறியதில்லை. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. கதவை மூடியதும் சாலை, லாரி, வரிசை எல்லாம் நின்றுபோனது. தட்டில் சோறு தந்தார்கள். கீழே கடல் அசையாமல் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கினார். எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருடமாக நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். அது உண்மையாகவே இருந்தது. பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு மெட்ராஸில் பெட்டியைத் திறந்து காட்டும் வரிசை. வெளியூர்ப் பேருந்து நிலையம். திருச்சிக்கு இடம் கிடைக்காமல் ஒரு வண்டி, நின்றபடி ஒரு வண்டி. முசிறியில் விடிந்தது. உங்கள் ஊருக்கு முதல் பேருந்து இன்னும் வரவில்லை என்றார்கள். நடந்தேன். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்திருந்தேன். அது உங்கள் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

*

வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடிகுழாய் அருகே மொட்டைத் தலையுடன் ஓர் இளைஞன் உட்கார்ந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். உங்கள் தாடை அவனுக்கும் இருந்தது. உங்கள் அண்ணன் மகன் செல்லமுத்து.

“மலேயா அண்ணனா?”

“ஆமா.”

“நேத்து சாயங்காலம் எடுத்துட்டோம்ணே.” மறுபடியும் கையைக் கழுவ ஆரம்பித்தான். “வெச்சிருக்க முடியல.”

அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

தை மாதத்திலிருந்தே நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். நான் போயிட்டா எம் மவன் வந்துதான் கொள்ளி வெக்கணும். எடுத்துராதீங்க. நாலு மணி நேரத்துல வந்துருவான். போன அன்று காலையே தந்தி அடித்துவிட்டார்கள். தந்தி போக ஒரு மணி நேரம், விமானம் நாலு மணி நேரம். விளக்கு வைப்பதற்குள் பையன் வந்துவிடுவான் என்று பெரியப்பா கணக்குச் சொன்னார். உங்களைக் குளிப்பாட்டி, வாசலில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள், பாதையைப் பார்த்தபடி.

“சித்தப்பா மட்டுந்தான் பாதையப் பாத்துக்கிட்டிருந்தாரு,” என்றான் செல்லமுத்து. “நாங்க யாரும் பாதையப் பாக்கலண்ணே. எல்லாரும் வானத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம்.”

பங்குனி வெயில். முசிறியிலிருந்து சைக்கிளில், உமிச் சாக்குக்குள் வைத்து ஐஸ் கட்டி கொண்டுவந்தார்களாம். வருவதற்குள் பாதி ஒழுகிவிடுமாம். இரண்டாம் நாள் யாரோ ஒருவர், “ஏரி காஞ்சுதானே கெடக்கு, பிளேன அதுலயே எறக்கிரலாமே” என்றாராம். ஒருத்தன் சிரித்துவிட்டானாம். பெரியப்பா அவனை அடிக்கப் போனாராம்.

மூன்றாம் நாள் காலையில் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். மூங்கில் வெட்டியாகிவிட்டது. அப்போது என் தந்தி வந்தது. புறப்படுகிறேன்.

மறுபடியும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் நாலு மணி நேரம் எண்ணினார்கள்.

“குழந்தைங்களயெல்லாம் வேற தெருவுக்கு அனுப்பிட்டோம்ணே. நான் பக்கத்துலயே இருந்தேன். வேப்பலையால விசிறிக்கிட்டே இருந்தேன். ஒரு நேரத்துல…” அவன் நிறுத்தினான். கையை முகர்ந்து பார்த்தான். கழுவினான்.

பொழுது சாயும்போது எடுத்தார்களாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் வானத்தில்தான் இருந்திருக்கிறேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே வானம். வெகு தூரம் வடக்கே.

*

பால் தெளிக்கப் புறப்பட்டார்கள். பெரியப்பா கையில் பித்தளைச் சொம்பு. உங்களைவிட உயரம், உங்களைவிட ஒல்லி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மொட்டை போடணும்” என்றார். “போட்டுட்டு வந்து நீ ஊத்து. அது ஒன்னோட கடமை.” நான் தலையசைத்தேன். நாவிதரைக் கூப்பிட ஆள் போயிற்று.

அப்போதுதான் டீக்கடைக்காரர் வந்தார். செல்லமுத்து அவரைப் பற்றி முன்பே சொல்லியிருந்தான். உங்களைத் தினமும் வம்புக்கு இழுக்கிறவர். “மலேயாக்காரரே, நாலு மணி நேரம்தான்னா இத்தன வருசமா எங்கய்யா சுத்திக்கிட்டிருக்கு அந்தப் பிளேனு?” என்று கேட்பாராம். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, “அவன் படிக்கிறான். படிக்கிற புள்ளையக் கூப்புடக் கூடாது” என்பீர்களாம். விமானச் சத்தம் கேட்டால் கடையிலிருந்து வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து, அது எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் சொல்வீர்களாம்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்கக் கூடாது,” என்றார் டீக்கடைக்காரர். “அந்த நாலு மணி நேரம், அது நெசமா? இல்ல, பெரியவரு சும்மா வுட்டாரா?”

“டேய்,” என்றார் பெரியப்பா.

“இல்லங்க, தெரிஞ்சிக்கலாம்னுதான். மூணு நாளு ஊரே சோறு திங்காம ஒக்காந்திருந்துச்சு. அவரு வார்த்தைய நம்பி.”

பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா என்னைப் பார்த்தார். ஊரார் எடுத்துவிடச் சொன்ன ஒவ்வொரு முறையும், தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று வாதாடியவர் அவர்.

என்னிடம் பதில் இருந்தது. பழைய விலாசம். உர மூட்டை. மரம் ஏற்றிய லாரி. நாளைக்குச் சாயங்காலம்தான். மெட்ராஸ் வரிசை. எல்லாம் உண்மை. யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐயோ பாவம் என்று ஒரு டம்ளர் மோர் கொடுத்திருப்பார்கள். ஆனால் நான் அவிழ்க்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் உங்கள் நேரம் நீளும். கடைசியில் அது கப்பலின் நேரமாகிவிடும். இத்தனை வருடமாக டீக்கடையில் நீங்கள் சொன்னது, விவரமில்லாத ஒரு மனிதரின் பேச்சாகிவிடும்.

அந்த ஊரில் உங்களுக்கு நிலம் இல்லை. மனைவி பக்கத்தில் இல்லை. வெட்டத் தெரிந்த மரமும் அங்கே வளரவில்லை. அந்த ஒரு சொல்தான் இருந்தது.

“நாலு மணி நேரம்தாங்க,” என்றேன். “பத்து நிமிசம் கம்மியாவே ஆச்சு.”

“அப்ப நீங்க?”

“நான்தான் தாமதமாக் கெளம்பினேன்.”

“ஏன் தம்பி?”

“பரீட்சை இருந்துச்சு.”

பரீட்சை எதுவும் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். செல்லமுத்து குழாயடியிலிருந்து எழுந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பெரியப்பாவின் தோள்கள் இறங்கின. டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

“கேட்டியா? என் தம்பி ஒருநாளும் பொய் பேசினவனில்ல.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்களே,” என்றார் டீக்கடைக்காரர். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பிறகு பெரியப்பா, என்னைப் பார்க்காமல், சொம்பை நீட்டினார். என்னைத் தாண்டி நீட்டினார்.

“செல்லமுத்து. நீயே ஊத்துடா.”

நாவிதர் வந்து பெட்டியைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் கடைசி ஆளாக நடந்தேன். சாம்பலின் மேல் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் நின்றவர்களின் முதுகுகளுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டுக் காவிரிக்குக் கொண்டுபோனார்கள். கலயம் செல்லமுத்துவிடம் இருந்தது. அவன் முழுகினான். நான் கரையில் நின்றேன். மதியம் இலை போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். என் இரு பக்கமும் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் கிளம்பினேன். இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. பேருந்து வரும்வரை பெரியப்பா மட்டும் கூட நின்றார். வண்டி ஏறும்போது, “அவன் ஒன்னப் பத்தித்தான் பேசுவான்,” என்றார். குற்றம் சாட்டும் குரல். அதில் அவர் அழுகையும் இருந்தது.

*

அம்மா கதவைத் திறந்ததும் கேட்டாள்.

“மொகம் பாத்தியா?”

“இல்லம்மா.”

என் தலையைப் பார்த்தாள். முடி அப்படியே இருந்தது. புரிந்துகொண்டாள். உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது நெற்றி ஈரமாக, வெறுமையாக இருந்தது. பதிமூன்று வருடம் பார்க்காத கணவனுக்காக.

“கொள்ளி யாரு வெச்சா?”

“பெரியப்பா மகன்.”

“நல்லாருக்கட்டும்,” என்றாள். அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு குழைந்துபோனது. இருவரும் சாப்பிட்டோம். பரீட்சையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

இப்போது ஈப்போவிலேயே வேலை. செல்லமுத்து எப்போதாவது எழுதுகிறான். முதலில் ஒரு வருடம் எழுதவில்லை. பிறகு தன் கல்யாணத்துக்கு எழுதினான். பிறகு மழை பெய்யாததற்கு. சென்ற மாதம் வந்த கடிதத்தில் ஊர்ச் செய்திகளுக்கு நடுவே ஒன்று எழுதியிருக்கிறான். ஊரில் யாராவது பிந்தி வந்தால், முசிறி பஸ் லேட்டானால், மழை தள்ளிப்போனால்கூட, ‘மலேயாக்காரர் மவனாட்டம் வருது பாரு’ என்கிறார்களாம். சின்னப் பிள்ளைகளும் சொல்கிறார்களாம். ‘கோவிச்சுக்காதீங்கண்ணே, வெளையாட்டுக்குத்தான்.’

டீக்கடையில் விமானச் சத்தம் கேட்டால் இப்போது கடைக்காரரே வெளியே வருகிறாராம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறாராம். நாலு மணி நேரம். மலேயாக்காரரு சொன்னாரு, அவரு சொன்னா சரியா இருக்கும்.

நான் பதில் எழுதினேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெரியப்பாவின் கண் அறுவையைப் பற்றிக் கேட்டேன். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எதுவும் எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன்.

நான் ஒரே ஒரு நாள் இருந்த ஊர் அது. அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. பிந்தி வருகிற எல்லாவற்றுக்கும் உங்கள் மகன் என்று பெயர். அதை வைத்துக்கொள்கிறேன், அப்பா.